விறகுக் கொட்டகை

விறகு சுமந்து விற்பது இழிந்த தொழிலன்று என்பதற்கு நம் முன்னோர் ஒரு கதையே சொல்லி வைத்தனர். பாணபத்திரனுக்காகச் சொக்கநாதப் பெருமான் மதுரை வீதிகளில் விறகு சுமந்து வந்ததைத் திருவிளையாடற் புராணம் கூறும். சுமந்ததும் விலை கூறியதும் இறைவன் திருவிளையாடல் ஆயின. வாங்கிய விறகை நனையாமல் வைத்துக் காப்பது மட்டும் மனிதர் கடமையாக நின்றுவிட்டது. அந்தக் கடமையில் நம்மில் பலர் கருத்துச் செலுத்துவதில்லை. வீடு கட்டுகிறவர் வண்டி நிறுத்த இடம் விடுகின்றார். பூசைக்கு அறை விடுகின்றார். விறகுக்கு இடம் எங்கே என்று கேட்டால், "கொல்லையில் எங்கேனும் கிடக்கட்டும்" என்கின்றார். அங்கே மழையில் கிடப்பது விறகு மட்டுமன்று. அதை எரிக்கும் தாய்மாரின் உடல்நலமும் அங்கேதான் கிடக்கின்றது. இதுவே நான் இன்று கூற விரும்பும் செய்தி.

எரிவாயு வந்துவிட்ட நாளில் விறகைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டம் பல ஏழை இல்லங்களுக்கு எரிவாயு அடுப்பைக் கொண்டு சேர்த்தது. எனினும் ஊர்ப்புறங்களுக்குச் சென்று பாருங்கள். உருளை இருக்கும் வீட்டிலேயே விறகடுப்பும் இருக்கும். நெல் அவிக்க விறகு. வெந்நீர் வைக்க விறகு. விருந்து நாளில் பெரிய அண்டாவை ஏற்ற விறகு. உருளை தீர்ந்து, அடுத்தது வாங்கக் கையில் பணம் இல்லாத நாளிலும் விறகு. ஆகவே விறகு இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. போகும் நாள் வரையில் அதை ஒழுங்காக ஆள்வது அறிவுடைமையாகும்.

ஈர விறகு ஏன் தீது? பள்ளியில் மாணவர்களுக்கு நான் கூறிய கணக்கையே இங்கும் கூறுகின்றேன். அன்று வெட்டிய மரத்தில் 10 கிலோ எடையில் 4 அல்லது 5 கிலோ நீராக இருத்தல் கூடும். ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடேற்ற 70 கலோரி வெப்பம் போதும். அந்த நீரை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். அந்த வெப்பமெல்லாம் எங்கிருந்து வருகின்றது? உலையைக் கொதிக்க வைக்க வேண்டிய நெருப்பிலிருந்தே வருகின்றது. ஈர விறகை அடுப்பில் வைக்கிறவர் சோற்றைச் சமைக்குமுன் விறகிலுள்ள நீரைச் சமைக்கின்றார். நெருப்புத் தணிகின்றது, தணிந்த நெருப்பில் மரம் முழுமையாக எரிவதில்லை, எரியாத பகுதி புகையாகி வெளியேறுகின்றது. அதற்குள் மற்றொரு கட்டையைச் செருகுகின்றோம். விறகும் இரட்டிப்பாகின்றது, புகையும் இரட்டிப்பாகின்றது.

அந்தப் புகை எங்கே செல்கின்றது? அடுப்பை ஊதுகிறவர் நெஞ்சுக்குள் செல்கின்றது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த எண்ணைப் படிக்குமுன்பே அதன் பொருளை நான் கண்டதுண்டு. நான் தலைமை ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், எரிவாயு வருவதற்குமுன், சத்துணவு விறகில்தான் சமைக்கப்பட்டது. விறகு சுவரோரம் திறந்த வெளியில் கிடக்கும். ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில், நூற்றிருபது பிள்ளைகளின் சோறு நேரத்தில் ஆகுமா என்று பார்க்கச் சமையற்கூடத்துக்குச் சென்றேன். புகை நடுவே நின்ற சமையற்கார அம்மையார், "சார், சோறு வெந்துடும், என் கண்ணுதான் வெந்து போவுது" என்றார். அவர் முறையிட்டது விறகைப் பற்றியன்று. அதை வைத்த இடத்தைப் பற்றி என்பதை அன்று உணர்ந்தேன்.

ஓய்வு பெற்றபின் 2015ஆம் ஆண்டில், நாகை மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு விறகுக் கொட்டகை அமைத்தேன். அதன் அமைப்பைச் சற்று விரிவாகக் கூறுகின்றேன். வேண்டியவர் தத்தம் இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் அளவு. எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ விறகு செல்லும். ஆண்டுக்கு ஒரு டன் என்று கொள்ளலாம். 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் கொட்டகையை அமைத்து, நடுவே ஒரு தடுப்பு வைத்தேன். 4 அடி உயரம் அடுக்கினால் ஒவ்வொரு பகுதியும் ஓராண்டு விறகைக் கொள்ளும். ஒன்றில் இவ்வாண்டு எரிப்பது. மற்றொன்றில் அடுத்த ஆண்டுக்காக உலர்வது. இந்த இரண்டு பகுதி முறையே கொட்டகையின் உயிர். ஒரே குவியலாக இருந்தால் புதிய விறகு மேலே விழும்; மேலே இருப்பதே முதலில் அடுப்புக்குப் போகும்; உலர்ந்தது அடியிலேயே மக்கும்.

அடுத்தது திசை. நம் தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. எங்கள் கடற்கரை மாவட்டத்திலோ பெரும்பகுதி அப்போதுதான் பெய்யும். சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆனி, ஆடியில் வீசும் காற்றோ மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது, பெரும்பாலும் வறண்டது. எனவே கொட்டகையின் முதுகு வடகிழக்கு நோக்கியும், திறந்த முகம் தென்மேற்கு நோக்கியும் இருக்குமாறு அமைத்தேன். முதுகுப்புறத்தில் மூங்கில் தட்டி. முகப்பில் மறைப்பே இல்லை. ஆடிக் காற்று விறகை உலர்த்துகின்றது. கார்த்திகைச் சாரல் தட்டியில் மோதி வடிகின்றது. வீட்டுச் சுவரை ஒட்டிக் கொட்டகை எழுப்புதல் ஆகாது. தீக்கும் கறையானுக்கும் அது வழியாகிவிடும். வைக்கோற் போரும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது தரை. விறகு மண்ணைத் தொடலாகாது. ஒன்றரை அடி உயரச் செங்கற் கால்கள் எழுப்பி, அவற்றின்மேல் வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களை இடைவெளி விட்டுப் பரப்பினேன். கறையான் ஏறினால் செங்கல்லின்மீது மண்குழாய் கட்டித்தான் ஏறவேண்டும், அது கண்ணுக்குத் தெரியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். அடியில் துடைப்பம் நுழைந்து வருமளவு வெளி இருப்பதால் எலியும் அங்கே குடியேறாது. எலி வாராத இடத்தைப் பாம்பும் அதிகம் நாடாது.

நான்காவது கூரை. தென்னங்கீற்று மலிவானதுதான், ஆயினும் அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பற்றவும் கூடும். கல்நார் கலந்த சிமெண்டுத் தகட்டை வெட்டும்போதும் அது உடையும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. புகையினின்று காக்கக் கட்டும் கொட்டகையில் அதை ஏற்றுவானேன்? நான் தகரத்தைக் கொண்டேன். முன்புறம் ஏழரை அடி, பின்புறம் ஆறரை அடி என்று சரிவு கொடுத்து, எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி இறவாரம் நீட்டினேன். சிமெண்டுக் கால்களை இரண்டரை அடி ஆழத்தில் ஊன்றி, தகட்டைக் கொக்கி ஆணியால் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தகரம் எம்மாத்திரம்?

கொட்டகை அமைந்தால் மட்டும் போதாது. அடுக்கும் முறையும் வேண்டும். பட்டையோடு கூடிய முழுக்கட்டை எளிதில் உலராது. வெட்டுமுகத்தாலும் பிளந்த முகத்தாலுமே நீர் வெளியேறும். எனவே சவுக்கானாலும் சீமைக் கருவேலானாலும் முதலில் பிளந்து, பிறகே அடுக்குதல் வேண்டும். தை, மாசியில் பிளந்து அடுக்கினால் கோடை வெயிலும் ஆடிக் காற்றும் தம் வேலையை முடித்து, ஐப்பசிக்கு விறகைக் கையில் கொடுக்கும். உலர்ந்ததா என்று அறிய இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். உலர்ந்தது கணீரென ஒலிக்கும். ஈரமானது மொத்தென்று ஒலிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒரு கட்டைக்கு அடையாளமிட்டு மாதந்தோறும் அவர்களையே நிறுக்கச் சொல்லலாம். எடை குறைவது நின்ற மாதத்தில் அந்த விறகு அடுப்புக்கு ஆயத்தமாயிற்று. விலையில்லாத அறிவியற் பாடம் அது!

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் தேளும் விறகடியை விரும்புவன. இருட்டில் கை நுழைக்கலாகாது. விளக்கோடு சென்று, கோலால் தட்டி, மேலடுக்கிலிருந்தே எடுத்தல் வேண்டும். பாம்பு தீண்டியது என்றால் மந்திரம், பச்சிலை என்று நேரம் போக்காமல் மருத்துவமனைக்கே செல்க.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் மரங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. மின்சாரம் பல நாள் வரவில்லை. மரங்கள் வழியடைத்துக் கிடந்ததால் எரிவாயு வண்டியும் வரவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து, "வாத்தியாரய்யா, ஊரெல்லாம் மரமாக் கிடக்கு, ஓர் அடுப்பு எரிக்க வழியில்லையே" என்றார். எத்துணை உண்மையான சொல்! சாய்ந்த மரம் விறகாவதற்கு இன்னும் ஆறு திங்கள் ஆகும். பசியோ அன்றைக்கே வந்துவிட்டது. கொட்டகையின் தகடு ஒன்று பெயர்ந்திருந்தது, அடுக்கு நனையவில்லை. அந்த விறகில் எங்கள் தெருவில் நான்கு வீட்டு உலைகள் சில நாள் கொதித்தன.

உலர்ந்த விறகின் புகையும் நலமானதன்று. வசதி உள்ளவர் எரிவாயுவையே கைக்கொள்க. விறகு எரித்தே தீரவேண்டிய இல்லங்களில், புகைபோக்கி வைப்பதும் விறகுக்குக் கூரை போடுவதும் ஆடவர் கடமை என்பேன். அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம், "ஏன் இன்னும் சோறு ஆகவில்லை?" என்று கேட்பது எளிது. அதைக் கேட்குமுன் கொல்லைக்குச் சென்று, விறகு எங்கே கிடக்கின்றது என்று ஒருமுறை பாருங்கள். மழைக்காலம் வருமுன் பாருங்கள்.