டிசைனுக்குக் கொடுக்கிற காசு எங்கே போகுது?

வேலை பார்த்துக்கிட்டே சைடுல சொந்தமா ஒரு பிசினஸ் ஆரம்பிச்சிருக்கிறவங்களுக்காகத்தான் இன்னிக்கு எபிசோடு. உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "லோகோ, லேபிள், வெப்சைட் எல்லாத்தையும் கேன்வாவுல நானே பண்ணிடுவேன். எதுக்கு ஒரு டிசைனருக்கு முப்பதாயிரம் கொடுக்கணும்?" நியாயமான கேள்விதான். கையில இருக்கிற முதலே கொஞ்சம். அந்த முப்பதாயிரத்துக்கு சரக்கு வாங்கிப் போடலாம். அதனால சுத்தி வளைக்காம ரெண்டு கதை சொல்றேன்.

முதல் கதை, காசைக் கொட்டியும் கவிழ்ந்த கதை. டிராபிகானா, அமெரிக்காவுல பிரபலமான ஆரஞ்சு ஜூஸ். அப்போ அது பெப்சிகோ கம்பெனியோட பிராண்டு. அட்டைப்பெட்டியில ஒரு ஆரஞ்சுப் பழம், அதுல சொருகின ஒரு ஸ்ட்ரா. வருஷக்கணக்கா மக்கள் மனசுல பதிஞ்ச படம். 2009 ஜனவரியில அதைத் தூக்கிட்டு, ஒரு கிளாஸ் ஜூஸ் படத்தைப் போட்டாங்க. பிராண்டு பெயரையும் செங்குத்தா திருப்பினாங்க. அதுக்கான விளம்பரத்துக்கு மட்டும் 3.5 கோடி டாலர் செலவு. ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரி மாசமே, பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டு வர்றோம்னு அறிவிச்சுட்டாங்க.

உள்ளே இருந்த ஜூஸ் அதேதான். அப்புறம் ஏன் இந்தச் சரிவு? டிராலி தள்ளிக்கிட்டுப் போறவங்க பெயரைப் படிச்சுப் பார்த்து ஜூஸ் எடுக்கிறதில்லை. பழக்கத்துல கண்ணு அந்த ஆரஞ்சைத் தேடும், கை தானா போகும். இப்போ ஆரஞ்சைக் காணோம். புதுப் பெட்டி ஏதோ மலிவான லோக்கல் பிராண்டு மாதிரி இருக்குன்னு வாங்குறவங்களே புகார் சொன்னாங்க. அந்த டிசைனைப் பண்ணினவங்க கத்துக்குட்டிகள் இல்லை, பெரிய ஏஜென்சி. ஆக, பெரிய ஆளைப் பிடிச்சா மட்டும் நல்ல டிசைன் கிடைச்சிடாது.

ரெண்டாவது கதைக்கு வருவோம். ஜாரெட் ஸ்பூல்னு ஒரு யூசபிலிட்டி ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினது. ஒரு பெரிய ஆன்லைன் கடை, பெயரை அவர் சொல்லலை. கூடையில பொருளைப் போட்டுட்டு, காசு கட்டப் போனா ஒரு ஃபார்ம் வரும். இமெயில், பாஸ்வேர்டு, லாகின், ரிஜிஸ்டர். அவ்வளவுதான். ஒரு டெவலப்பர் கண்ணுல பார்த்தா அதுல தப்பே இல்லை.

ஸ்பூலோட டீம் என்ன பண்ணாங்கன்னா, நிஜமான ஆட்களை வாங்கச் சொல்லிப் பக்கத்துல இருந்து பார்த்தாங்க. புதுசா வந்தவங்களுக்கு ரிஜிஸ்டர் பட்டனைப் பார்த்தாலே எரிச்சல். ஒரு பொருள் வாங்கத்தானே வந்தேன், எனக்கு எதுக்கு அக்கவுண்ட்? ஏற்கெனவே அக்கவுண்ட் வெச்சிருந்தவங்களுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. பாஸ்வேர்டு கேட்டு ஒரு நாளைக்கு 1,60,000 கோரிக்கைகள். கேட்டவங்கள்ல 75 சதவீதம் பேர் வாங்காமலே போயிட்டாங்க.

தீர்வு ரொம்பச் சின்னது. 'ரிஜிஸ்டர்' இருந்த இடத்துல 'தொடரவும்'னு ஒரு பட்டன். வாங்குறதுக்கு அக்கவுண்ட் தேவையில்லைன்னு பக்கத்துல ஒரு குறிப்பு. வாங்கினவங்க எண்ணிக்கை 45 சதவீதம் கூடுச்சு, முதல் வருஷத்துல 30 கோடி டாலர் கூடுதலா வந்துச்சுன்னு ஸ்பூல் எழுதியிருக்கார்.

ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாருங்க. ஒரு இடத்துல அழகா மாத்தினாங்க, ஆனா வாங்குறவரோட கண்ணு எதைத் தேடுதுன்னு பார்க்கலை. இன்னொரு இடத்துல அழகைத் தொடவே இல்லை, வாங்குறவர் எங்கே தடுக்கி விழறார்னு உட்கார்ந்து பார்த்தாங்க. டிசைனருக்கு நீங்க கொடுக்கிற காசு அந்தப் பார்வைக்குத்தான். கலருக்கும் ஃபான்ட்டுக்கும் இல்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஈரோட்டு மஞ்சளைத் தூளாக்கி பாக்கெட் போட்டு விக்கிறீங்கன்னு வெச்சுக்கங்க. 2019லேயே புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள், பெருமையா சொல்ல வேண்டிய விஷயம். ஆனா லேபிள்ல கட்டாயமா போட வேண்டியதே எக்கச்சக்கம்: நிகர எடை, விலை, தேதிகள், 14 இலக்க உணவு லைசென்ஸ் எண், சைவத்துக்கான பச்சைக் குறி. இந்த விவரங்கள் இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ இருக்கணும்னு விதி. தமிழ் கூடுதலா வேணும்னா போட்டுக்கலாம். அதனால தமிழுக்குக் கிடைக்கிறது மிச்சம் மீதி இடம். பொடி எழுத்துல அச்சடிச்சா மெய்யெழுத்துப் புள்ளி காணாமப் போயிடும். சாஃப்ட்வேர்ல தமிழ் செட்டிங் சரியா இல்லைன்னா, 'செ'வோட கொம்பு 'ச'வுக்குப் பின்னாடி போய் உட்காரும். கடை போர்டுலயே இதைப் பார்த்திருப்பீங்க. எழுத்தையே சரியாப் போடலை, உள்ள இருக்கிற சரக்கு மட்டும் சுத்தமாவா இருக்கும்னு வாங்குறவருக்குத் தோணும். உங்க மஞ்சள் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அதைச் சொல்ல நீங்க அங்க நிக்கப் போறதில்லை.

அப்போ எல்லாரும் டிசைனரைப் பிடிக்கணுமா? தேவையில்லை. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்னு வாட்ஸ்அப்புல இருபது பேருக்கு விக்கிறப்போ கேன்வா போதும். அவங்க உங்களை நம்பி வாங்குறாங்க, லேபிளைப் பார்த்து இல்லை. உங்களைத் தெரியாதவங்க வாங்க ஆரம்பிக்கிற அன்னிக்கு அந்தச் செலவைப் பண்ணுங்க.

அப்படி ஒருத்தரைப் பார்க்கப் போனா, அவர் கேட்கிற முதல் கேள்வியைக் கவனிங்க. "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"னு ஆரம்பிச்சா கொஞ்சம் யோசிங்க. "யார் வாங்குறாங்க, எங்கே பார்த்து வாங்குறாங்க, இப்போ என்ன கேட்டு போன் பண்றாங்க?"ன்னு கேட்டா, அவர்கிட்ட பேரம் பேசாதீங்க.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். பாக்கெட்டை உங்க அத்தைகிட்ட ஒரு கை தூரத்துல அஞ்சு செகண்ட் காட்டிட்டு ஒளிச்சு வைங்க. என்ன பொருள், எவ்வளவு எடை, எந்த ஊர்னு கேளுங்க. அவங்களுக்குத் தெரியாதது எதுவோ, அங்கே இருந்து டிசைன் வேலையை ஆரம்பிங்க.

சோதனை பண்ணிப் பார்த்துட்டு அத்தை என்ன சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.