பாங்கியும் துப்பாக்கியும்

பயிர்க்காவலுக்கென லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் திரும்புகையில் நாம் பாங்கிக்குள் நுழைவோமாயின், எத்துணைப் பழைய கணக்குடையோமாயினும் காவலாளி வாயிலிலேயே நிறுத்துவான். இதில் நமக்கு அவமானம் யாதுமில்லை. பிறர் பொருளைக் காத்தல் அவன் கடமை. ஆயின், ‘வெளியே வைத்துவிட்டு வாரும்’ என்ற சொற்கேட்டு அதனை எதிர்க்கடைக்காரரிடம் கொடுத்துச் செல்லுதல் பெருங்கேடாம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாதார் அதனை அங்ஙனம் வைத்திருத்தல் குற்றம். உரிமையுடையாரோவென விசாரியாது கொடுத்தவரும் தண்டனைக்குரியவரே. காசோலையை மாற்றப் போய் லைசென்ஸை இழத்தல் தகுமோ? ஆதலின் ஆயுதத்தை முதலில் வீடு சேர்த்துப் பூட்டிய பின்னரே பாங்கிக்குச் செல்வோமாக. துப்பாக்கியால் வரும் மதிப்பினும் அடக்கத்தால் வரும் மதிப்பே நம் குலத்தார்க்கு நிலைப்பதாம்.