வீதியோரத்து வாய்க்கால்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் நிலப்பகுதி உண்டு. அங்குள்ள சிற்றூர் ஹெல்ஸ்டன். 1201ஆம் ஆண்டிலேயே ஜான் மன்னரிடம் உரிமைப் பட்டயம் பெற்றது. அவ்வூர் எனக்களித்த முதல் வரவேற்பு, வலக்கால் நனைந்ததுதான்! மோட்டார் வண்டிக்கு வழிவிட ஒதுங்கியவன், சாலையோரக் கல்வாய்க்காலில் காலை வைத்துவிட்டேன்.

அவ்வூரின் தலையாய வீதி காயினேஜ்ஹால் வீதி. அக்காலத்தில் சுரங்க வெள்ளீயத்தை இவ்வூருக்குக் கொணர்ந்து, கட்டியின் ஒரு மூலையை வெட்டித் தரம் பார்த்து வரி விதித்தார்கள். பிரெஞ்சு மொழியில் மூலைக்குக் 'காயின்' என்று பெயர். வீதியின் பெயர் அதிலிருந்து பிறந்தது. அந்த வரி 1838இல் ஒழிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரிவான அவ்வீதியின் இருமருங்கிலும் கல் பாவிய திறந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஊருக்கு மேலே கோபர் ஆற்றிலிருந்து பிரித்த நீர், யாரும் இறைக்காமல் சரிவினாலேயே இறங்கி, வீதியைக் கழுவிக்கொண்டு போகிறது. இவற்றைக் 'கென்னல்' என்கிறார்கள். நாய்க்கொட்டிலென்று எண்ணி நகைக்காதீர்கள்! கால்வாயைக் குறிக்கும் 'கெனால்' என்ற சொல்லும் இதுவும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை.

வெளியூரார் சிலரின் வண்டிச் சக்கரமும் இதில் இறங்கிவிடுவதுண்டு. அப்படியானால் பலகைக் கல்லால் மூடிவிடலாமே என்று, நனைந்த காலோடு நானும் எண்ணினேன். ஆனால் சற்று நின்று பார்த்தபோது என் எண்ணம் மாறிற்று. திறந்த வாய்க்காலில் ஓர் இலை அடைத்தாலும் தெருவே காண்கிறது. நீர் நின்றால் அன்றே தெரிகிறது. மூடிய கால்வாயோ, உள்ளே அழுகினாலும் வெளியே ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்குள் நாற்றம் வந்த பிறகே நாம் அதை நினைக்கிறோம். மூடினால் தடுக்கி விழுபவர் குறைவர், உண்மைதான். ஆயினும் பார்த்துப் பேணும் கண்களும் உடன் குறைந்துவிடும். அதனால் திறந்தே இருக்கட்டும் என்பது என் கட்சி.

ஆண்டுதோறும் மே 8ஆம் நாள் இங்கே 'ஃபுளோரா' விழா நடைபெறும்; அது ஞாயிறோ திங்களோ ஆனால் முந்தைய சனிக்கிழமையில். காலை 7 மணி முதல் மாலை வரை வெவ்வேறு குழுவினர் ஆடி வருவர். வெள்ளுடைச் சிறுவர் சிறுமியருக்கும் தனி ஆட்டம் உண்டு. ஆடுவோர் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்து வெளியேறுவர். அத்தனை கால்களும் அந்த வாய்க்கால்களைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

என் காலணியோ மறுநாள் காலையில்தான் உலர்ந்தது.