காயில் மேல் பழி

பெரிய வாட்டர் ஹீட்டர் சிலவற்றில் இரண்டு காயில் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. முதலில் மேல் காயில். மேல்தண்ணீர் சுட்டதும் கரண்ட் கீழ்க் காயிலுக்குப் போகும். ஒரு மடையை அடைத்து அடுத்த மடையைத் திறந்துவிடுகிற மாதிரி. சில ஹீட்டர்களில் அந்த வேலையைச் செய்வது ரிலே. 'டக்' என்று சத்தம் கேட்குமே, அதுதான்.

ஒரு வாளி சுடுதண்ணீர் வருகிறது, அப்புறம் பச்சைத்தண்ணீர். உடனே காயில் போச்சு என்று மாற்றிவிடுகிறோம். பாவம் காயில்! ரிலேயையும் ஒரு தடவை பாருங்கள். அதன் முனை கருகினால் கரண்ட் போகாது. உருகி ஒட்டிக்கொண்டாலோ கரண்ட் நிற்காது. அது இன்னும் ஆபத்து.

புது ரிலே வாங்கப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. ஆம்பியரையும் பாருங்கள். 2000 வாட் காயில் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 10 ஆம்பியர் ரிலே விளிம்பில்தான் நிற்கும். கடைக்காரர் 'இதுவே போதும்' என்பார், கேட்காதீர்கள்.

எலக்ட்ரீஷியன் கை வைக்குமுன் எம்.சி.பி. இறங்கியிருக்கட்டும். ஒயர் முனை கருகியிருந்தால் வெட்டச் சொல்லுங்கள். திருகு லூசாக இருந்தால் புது ரிலேயும் கருகும்.