எலும்பைக் காப்பதும் எலும்பை அழிப்பதும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பாஸ்பரஸ் என்னும் தனிமத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். விழா மேடையில் வேதியியல் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பி.ஏ. வகுப்பில் வரலாறு பயின்றவன்; அறிவியலையும் வரலாற்றின் வழியே நோக்குவது என் வழக்கம். ஒரு பொருளின் தீங்கும், அதற்கு மாற்றும் அறியப்பட்ட பின்னரும், ஏழைத் தொழிலாளர் ஏன் நெடுங்காலம் அதற்குப் பலியாயினர்? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

1669ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாழ்ந்த ஹென்னிக் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் ஆசையால் சிறுநீரைக் காய்ச்சி வடித்தார். பொன் கிட்டவில்லை, இருளில் ஒளிரும் மெழுகு போன்ற பொருள் ஒன்று கிட்டியது. அதுவே வெள்ளைப் பாஸ்பரஸ். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், சுவீடன் நாட்டு அறிஞர்களான கானும் ஷீலேயும் எலும்பிலும் பாஸ்பரஸ் உண்டு எனக் கண்டனர். நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது கால்சியமும் பாஸ்பேட்டும் கூடிய சேர்மமே. நம் உடலில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். தனிமம் ஒன்றே, வடிவம் வேறாயின் குணமும் வேறாகும். வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய நஞ்சு. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதுமானது. காற்றில் தானே தீப்பற்றும் ஆதலின் அதனை நீருக்குள் வைத்துக் காப்பர். அதனையே காற்றுப்படாமல் ஏறத்தாழ 250 பாகை வெப்பத்தில் வைத்தால் சிவப்புப் பாஸ்பரஸாக மாறும். அது தானே எரியாது, இருளில் ஒளிராது, வெள்ளையைப் போன்ற நஞ்சும் அன்று. இவ்வாறு ஒரே தனிமம் வெவ்வேறு வடிவங்களில் இருப்பதையே புறவேற்றுமை என்று பாடநூலில் படிக்கின்றீர்கள்.

1830களில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சிகள் செய்யத் தொடங்கினர். அத்தொழிற்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களும் சிறுவர்களும் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்தனர். முதலில் பல்வலி தோன்றும். பின்னர் ஈறு வீங்கிச் சீழ் வடியும். முடிவில் தாடை எலும்பே அழுகிப்போகும். எலும்பைக் காக்கும் தனிமமே வேறு வடிவில் வந்து எலும்பை அழித்தது! வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் 1845இல் இந்நோயை விளக்கி எழுதினார். அதே நகரில், அதே 1840களில், சிவப்புப் பாஸ்பரஸின் இயல்பை ஷ்ரோட்டர் என்ற வேதியியலார் மெய்ப்பித்துக் காட்டினார். 1855இல் சுவீடனின் லுண்ட்ஸ்ட்ரோம், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸைப் பூசிய பாதுகாப்புத் தீப்பெட்டியைச் செய்தார். நாம் இன்று பயன்படுத்துவதும் அம்முறையைச் சேர்ந்ததே.

நோயும் தெரிந்தது, மாற்றும் தெரிந்தது. எனினும் வெள்ளைப் பாஸ்பரஸ் மலிவு. எங்கு உரசினும் எரியும். ஆதலால் முதலாளிகள் அதனைக் கைவிடவில்லை. 1888இல் லண்டனில், பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அபராதப் பிடித்தத்தை ஒழித்ததோடு, வேலையிடத்திற்கு வெளியே உணவருந்தத் தனி இடமும் வேண்டிப் பெற்றனர். நஞ்சு படிந்த மேசையிலேயே உணவருந்தி வந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் கோரிக்கை. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஏழு நாடுகள் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது அதன் பின்னர், 1923இல்தான். வியன்னாவில் அறிந்ததற்கும் பெர்னில் முடிவெடுத்ததற்கும் இடையே அறுபது ஆண்டுகள்! அழுகிய தாடைகள் ஏழைகளின் தாடைகளாக இருந்தமையே இத்தாமதத்திற்குக் காரணம் என்பேன்.

சட்டம் இயற்றினால் மட்டும் போதுமா? குச்சியில் வெள்ளை உள்ளதா, சிவப்பு உள்ளதா என்று கண்டறிய வேண்டுமே! அதற்கு மிட்செர்லிக் என்னும் ஜெர்மானியர் ஒரு சோதனையை வகுத்திருந்தார். ஐயத்திற்குரிய பொருளை அமிலம் கலந்த நீரில் இட்டு, இருட்டறையில் கொதிக்க வைத்து, ஆவியைக் கண்ணாடிக் குளிர்விப்பானில் செலுத்துவர். வெள்ளைப் பாஸ்பரஸ் சிறிதளவு இருப்பினும் குழாயினுள் ஒளி தோன்றும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது வேறொரு சோதனை செய்கின்றீர்கள். அடர் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடேற்றினால், பாஸ்பேட் இருப்பின் மஞ்சள் நிற வீழ்படிவு தோன்றும். ஆர்சனேட்டும் அத்தகைய மஞ்சளைத் தரக்கூடும். ஆகவே அவசரப்பட்டு முடிவு எழுதலாகாது. மண் பரிசோதனை நிலையத்திலும் பாஸ்பரஸை மாலிப்டேட்டுடன் சேர்த்து, தோன்றும் நீல நிறத்தின் ஆழத்தால் அளவைக் காண்பர். பொருள் உண்டா, எவ்வளவு உண்டு, எந்த வடிவில் உண்டு என்னும் மூன்று வினாக்களே பகுப்பாய்வின் உயிர்நிலை.

இவ்வினாக்கள் நம் வயல்வரப்பு வரை வருகின்றன. இன்று தெளிக்கப்படும் பூச்சிமருந்துகளில் ஒரு பெரும் வகை பாஸ்பரஸின் கரிமச் சேர்மங்களே. அவை நரம்புச் செயலுக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்குகின்றன. மூச்சு வழியே மட்டுமன்றித் தோல் வழியேயும் உடலில் சேர்கின்றன. மருந்து தெளிப்பவருக்கு வியர்வையும் எச்சிலும் பெருகி, கண்மணி சுருங்கி, வாந்தியும் மூச்சுத்திணறலும் தோன்றினால், அதை வெயிலின் களைப்பென்று இருந்துவிடாதீர்கள். நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்து டப்பாவையும் உடன் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். பெயர் தெரிந்தால் மருத்துவரின் பணி எளிதாகும். டப்பாவில் அச்சிட்ட சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கு அடுத்தது மஞ்சள், அதன்பின் நீலம், இறுதியில் பச்சை. பச்சையும் நஞ்சு வரிசையில் உள்ளதே.

பெற்றோர்களே! கூலிக்கு மருந்து தெளிக்கச் செல்வோரில் நம்மவர் பலர். டப்பாவின் எழுத்தை ஒருவர் படித்துச் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும். அந்த ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருத்தல் வேண்டும். வேதியியல் கடினம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை அறிவியல் பிரிவிலிருந்து விலக்காதீர்கள். மண் பரிசோதனை நிலையத்திலும், குடிநீர் ஆய்வகத்திலும், தொழிற்சாலை ஆய்வாளர் பணியிலும் நம் மக்கள் அமர வேண்டும். உழைப்பவன் வீட்டிலிருந்து வந்தவன் சோதனை செய்தால், அறிந்ததற்கும் நடந்ததற்கும் இடையே மீண்டும் அறுபது ஆண்டுகள் கடக்க விடமாட்டான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையில் தரப்படும் எப்பொருளையும் இது என்ன, எவ்வளவு, எந்த வடிவில் என்று கேளுங்கள். விடை கிட்டும் வரை விடாதீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றிவைத்த கல்வி விளக்கு அதற்குத் துணை நிற்கும் என்று கூறி அமைகின்றேன்.