கைத்தொண்டில் வளர்ந்த உறவு



சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு டான் டொக் செங் மருத்துவமனை தெரிந்திருக்கும். அதைச் சேர்ந்த மண்டலே சாலை வார்டுகளில் காசநோயாளிகளைப் பராமரிக்க, 1949-இல், இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் வந்தார்கள்.

காசநோய் என்றால் சொந்தக்காரரே வாசலோடு நின்றுவிடும் காலம் அது. நோயாளிக்கோ மாதக்கணக்கில் படுக்கை. உடம்பைத் துடைத்துவிட வேண்டும், எச்சில் கோப்பையைக் கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும். பாஷை புரியாத ஊரில் இந்த வேலைதான் அவர்களுக்குப் பேச்சாக இருந்தது. பிரசங்கத்தைவிட இது கடினம் என்றே நமக்குப் படுகிறது.

தங்கள் சம்பளத்தையும் அவர்கள் சேமித்தார்கள். ஊராரின் நன்கொடையும் கூடி, 1961-இல் தாம்சன் சாலையில் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனை திறக்கப்பட்டது.

உங்கள் லயத்தில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். காசநோய்க்கு இன்று பெரும்பாலும் ஆறு மாத மருந்து, இடையில் நிறுத்தக்கூடாது. நோய் இருமும் காற்றால் பரவுவது; சாப்பிட்ட தட்டால் ஒட்டாது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் வேகமும் தணியும். ஆகவே கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள், கையில் கொடுங்கள்.