கூடிக் காணும் படம்

திரைப்படம் கூடியிருந்து காண்பதற்கென்று வளர்ந்த கலை. நாடகத்திற்குச் சபை வேண்டியிருப்பது போலவே அதற்கும் ஒரு சபை வேண்டும். வாணிப நோக்கமின்றி அச்சபையைக் கூட்டுவதற்காக இங்கிலாந்தில் எழுந்தவை திரைப்படக் கழகங்கள். 1925ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே தொடங்கிய கழகம் அவற்றுள் முன்னோடியாகும். இன்று சமூகத் திரையரங்குகள் என்று வழங்கும் அமைப்புகள் இம்மரபில் வந்தவையே. ஊர் மண்டபத்திலோ தேவாலயக் கூடத்திலோ நாற்காலிகளை அடுக்குவோரும், திரையைக் கட்டுவோரும், சீட்டு விற்போரும், தேநீர் வழங்குவோரும் பெரும்பாலும் சம்பளம் பெறாத தொண்டர்கள். படம் முடிந்தபின் அதனைப் பற்றிச் சற்று நேரம் உரையாடிச் செல்வது பல கழகங்களின் வழக்கம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனா நோய் பரவியதனாற் பிரித்தானியாவின் திரையரங்குகள் யாவும் மூடப்பட்டன. ஊர் மண்டபங்களும் பூட்டப்பட்டன. அவ்வேளையிற் கழகங்கள் சில இணையவழியை நாடின. படத்தின் உரிமையை வைத்திருப்போரிடம் அனுமதி பெற்று, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துவது முதல் வேலை. பின்னர், சீட்டுப் பெற்றவர்களுக்குப் படத்தைத் திறக்கும் இணைப்பு அனுப்பப்படும். குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே, அவரவர் தத்தம் வீட்டிலிருந்து படத்தைக் காண்பர். முடிந்ததும் கணினித் திரையிற் கூடி உரையாடுவர்.

ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமராமற் காண்பது கூடிக் காண்பதாகுமா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், அக்காலத்திலே வெளிவந்த ‘றொக்ஸ்’ என்னும் பிரித்தானியப் படத்தை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

2019ஆம் ஆண்டில் ரொறன்ரோ திரைப்பட விழாவில் முதன்முதலிற் காட்டப்பட்ட இப்படம், 2020 ஏப்ரலில் பிரித்தானியத் திரையரங்குகளுக்கு வரவேண்டியிருந்தது. நோயினால் நாள் தள்ளிப்போய், செப்டெம்பர் 18ஆந் தேதி வெளியாயிற்று. நவம்பரில் இங்கிலாந்தின் அரங்குகள் மீண்டும் மூடப்பட்டன.

கிழக்கு இலண்டனில் வாழும் நைஜீரிய வழிவந்த கறுப்பினச் சிறுமி ஷோலா இதன் நாயகி. தோழியர் அவளை றொக்ஸ் என்று அழைப்பர். வயது 15. ஒருநாள் பாடசாலையிலிருந்து திரும்பும்போது தாய் வீட்டிலில்லை. ஒரு கடிதமும் சிறிது பணமுமே இருக்கின்றன. தம்பி இம்மானுவேல் மிகச் சிறியவன். செய்தி அதிகாரிகளுக்கு எட்டினால் தம்மைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சிய றொக்ஸ், தம்பியையும் அழைத்துக்கொண்டு தோழியர் வீடுகளிலும் விடுதியிலும் ஒளிந்து திரிகிறாள். நெருங்கிய தோழியாகிய சுமையா சோமாலியக் குடும்பத்துப் பெண். ஏனைய தோழியரும் பல இனத்தவர், பல சமயத்தவர். உதவிக்கு நீளும் கைகளைக் கூட றொக்ஸ் சில வேளைகளில் தட்டிவிடுகிறாள். வளர்ந்தவர் சுமக்கவேண்டிய பாரம் ஒரு சிறுமியின் தோளில் விழுந்தால் அவள் உள்ளம் என்னவாகும் என்பதே படத்தின் பொருள்.

படம் உருவான விதமும் கருதத்தக்கது. இயக்குநர் சாரா கவ்ரனும், கதை எழுதிய தெரேசா இக்கோக்கோ, கிளேயர் வில்சன் இருவரும் கதையை முடித்துவிட்டு நடிகரைத் தேடவில்லை. இலண்டன் பாடசாலைகளுக்குச் சென்று மாணவியரைச் சந்தித்தனர். தேர்ந்தவர்களோடு பல மாதங்கள் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினர். அச்சிறுமியரின் பேச்சும் சிரிப்பும் பிணக்கும் கதைக்குள் வந்தன. நாயகியாக நடித்த புக்கி பக்ரே அதற்குமுன் திரையில் நடித்தவரல்லர். 2021ஆம் ஆண்டில், பொதுமக்களின் வாக்கினால் வழங்கப்படும் வளரும் கலைஞருக்கான பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்தது.

இத்தகைய படத்தைத் தனியே பார்ப்பவர், கண்கலங்கி, “பாவம், அந்தப் பிள்ளை” என்று இரங்கி எழுந்துவிடக்கூடும். இரக்கம் நல்லதே, ஆயினும் அதனோடு நின்றுவிடுவது எளிது. உரையாடலில் அமர்ந்தவருக்கு அவ்வாறு நிற்க இடமில்லை. விட்டுச்சென்ற தாயைக் குற்றஞ்சாட்டலாமா என்று ஒருவர் கேட்பார். அதிகாரிகள் தீயவர்களா, கடமை செய்பவர்களா என்று மற்றொருவர் கேட்பார். கறுப்பினக் குடும்பத்திற் பிறந்த ஒருவர் அக்கூட்டத்தில் இருப்பின், ஏனையோர் துன்பத்தை மட்டும் கண்ட இடத்தில், தோழியரின் பாட்டையும் கேலியையும் தம் இளமையின் மகிழ்ச்சியாகக் கண்டதாகக் கூறலாம். அச்சொல் பிறர் பார்வையையே மாற்றக்கூடும். சிறுமியரின் சொல்லுக்குச் செவிசாய்த்து ஆக்கப்பட்ட படம், தம்முள் ஒருவர்க்கொருவர் செவிசாய்க்கும் பார்வையாளரைப் பெறுவதன்றோ முறை?

இணையவழிக் காட்சியில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. கணினி பழகாத முதியோரும், இணைய வசதியற்ற வறியோரும் வெளியே நின்றுவிட்டனர். மண்டபத்திலே பலர் ஒருங்கே சிரிக்கும் சிரிப்பு வீட்டிற் கிடைப்பதில்லை. எனினும், நோயாளரும், கைக்குழந்தையை விட்டு அகல முடியாத தாய்மாரும், மண்டபத்துப் படிகளை ஏற இயலாதவரும் அக்கூட்டத்திற் பங்குகொள்ள வழி பிறந்தது.

இது வானொலி நேயர்களுக்குப் புதுமையான செய்தியன்று. வெவ்வேறு கூரையின் கீழிருந்து ஒரே வேளையில் ஒரே குரலைக் கேட்போரும் ஒரு சபையினரே. ஆனால் வானொலி கேட்பவர் மறுமொழி கூறுவது அரிது. இணையத்திற் கூடிய கழகத்தார்க்கு அவ்வாய்ப்புக் கிட்டியது. அதனைப் பயன்படுத்தியவர்கள் கூடியே படம் பார்த்தார்கள். படம் முடிந்தவுடன் கணினியை மூடியவர்கள், நூறு பேர் ஒரே வேளையிற் பார்த்திருந்தாலும், தனித்தே பார்த்தார்கள்.

மண்டபங்கள் திறந்துவிட்ட இக்காலத்திற்கும் இது பொருந்தும். நாற்காலிகளை நிரப்புவதோடு கழகத்தின் பணி முடிவதில்லை. விளக்கு எரிந்தபின், அறியாத ஒருவரின் வாழ்வைக் குறித்து அயலாரோடு அமர்ந்து பேசும் அந்தச் சிறு பொழுதைக் காத்துக்கொள்வதே அதன் தலையாய பணியாகும்.